ஒன்றரை வயது ஊசியோடு கிளினிக் முடிவதில்லை

"ஊசியெல்லாம் போட்டாச்சுதானே, இனி எதுக்குக் கிளினிக்?" பிள்ளைக்கு ஒன்றரை வயதானதும் வீட்டில் எழும் கேள்வி இது. இதற்குப் பின்னால் இன்னொரு நினைப்பும் ஒளிந்திருக்கும். கிளினிக்கில் இருப்பது மிட்வைஃப்தானே, பிள்ளைக்கு ஏதும் என்றால் டொக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்பதே அது. ஆலங்குடாவில் இருப்பவர்களுக்கு 'டொக்டரிடம் காட்டுவது' லேசான காரியமல்ல. பாலாவிச் சந்திவரை வந்து திரும்பினால்தான் புத்தளம். பிள்ளை டொக்டரைச் சனல் பண்ணிய காசோடு வாகனக் கூலியும் சேர்ந்துவிடும். வாப்பா கடலுக்குப் போகாத நாளாகவும் பார்க்க வேண்டும்.

எனவே யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு திருத்தம். தாதியா, டொக்டரா என்று உலகில் பல இடங்களில் விவாதிக்கிறார்கள். இலங்கைக் கிராமத்தில் பிள்ளையின் நிறையைப் பார்ப்பவர் பெரும்பாலும் தாதி அல்லர். பொதுச் சுகாதார மருத்துவமாது, நம் பேச்சில் மிட்வைஃப். ஏறத்தாழ ஒன்றரை வருடம் இதற்கென்றே பயிற்சி பெற்றவர். கர்ப்பப் பதிவிலிருந்து பிள்ளைக்கு ஐந்து வயதாகும்வரை ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து பார்ப்பதே அவர் வேலை. அவருக்கு மேற்பார்வையாக ஒரு தாதிச் சகோதரி இருப்பார், எல்லோருக்கும் மேலே சுகாதார வைத்திய அதிகாரி, அதாவது எம்.ஓ.எச். 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. செலவு எதுவும் கிடையாது.

இனி நாட்காட்டியைப் பாருங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஊசி. ஒன்பதில் எம்.எம்.ஆர்., பன்னிரண்டில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, பதினெட்டில் முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும். அதற்கடுத்த ஊசி மூன்று வயதில்தான். நடுவே முழுதாக ஒன்றரை வருடம் ஊசியே இல்லை. பிள்ளை கிளினிக் பக்கமே வராமல் போவது இந்த இடைவெளியில்தான்.

ஆனால் அந்த இடைவெளியில்தான் பிள்ளை தாய்ப்பாலை விட்டுச் சோற்றுக்கு மாறி முடிகிறது, ஓடுகிறது, பேசுகிறது, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. கடைப் பிஸ்கட்டும் டொபியும் சோற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்குவதும் அப்போதுதான். அதனால்தான் இரண்டு வயதுவரை மாதந்தோறும், பிறகு ஐந்து வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறை பார்க்கச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்றமின் ஏ கொடுப்பார்கள். ஒன்றரை வயதிலிருந்து பூச்சி மருந்தும் உண்டு.

நிறை பார்ப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று தோன்றலாம். ஒருநாள் நிறைக்கு அர்த்தம் குறைவுதான். அர்த்தம் கோட்டில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று தரும் அந்தக் கிளினிக் புத்தகத்தில் மாதம் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் கோடு படுத்துவிட்டால் ஏதோ சரியில்லை. ஒருமுறை மட்டும் பார்க்கும் எந்தப் பெரிய நிபுணருக்கும் இது கண்ணில் படாது. காய்ச்சலுக்குப் பாணி மருந்து எழுதும் டொக்டர் உங்கள் பிள்ளையின் போன மாத நிறையை எங்கே காண்பார்? நீங்கள் புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினால்தான் உண்டு.

அதற்காக மிட்வைஃபே போதும் என்று சொல்லவில்லை. இதயத்தில் கேட்கும் அசாதாரண ஒலி, இடுப்பு மூட்டு விலகல், ஆண் பிள்ளையின் விதை இறங்காமை, கண்ணின் உள்ளே தெரியும் குறை போன்றவற்றை உறுதிசெய்ய டொக்டரின் கையும் காதும் வேண்டும். கிளினிக்குக்கு வைத்திய அதிகாரி வரும் நாளைத் தவறவிடாதீர்கள் என்பது இதற்காகத்தான். பின்லாந்தில் பள்ளிப் பருவத்துக்கு முன் பிள்ளைக்குக் குறைந்தது 15 பரிசோதனைகள் நடக்கின்றன. அவற்றில் ஐந்தில் மட்டும் டொக்டர் இருப்பார், மற்றவற்றைத் தாதியே பார்த்துவிடுவார். பணக்கார நாடும் இப்படித்தான் வேலையைப் பிரித்திருக்கிறது. இது ஏழைகளுக்கான மலிவு ஏற்பாடு அல்ல.

2018இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆரம்ப சிகிச்சையில் டொக்டரின் இடத்தில் பயிற்சி பெற்ற தாதி இருந்தாலும் நோயாளிக்கு விளைவு மோசமாகவில்லை என்பதே அதன் முடிவு. அவற்றில் பெரும்பாலானவை வளர்ந்தவர்களைப் பற்றியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், பட்டத்தைவிடப் பேச்சு முக்கியம். பிள்ளை சோறு உண்ண மறுப்பதையும் வீட்டில் மூத்தம்மா சொல்லும் பத்தியத்தையும் உம்மா தன் தமிழில் அவசரமில்லாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மிட்வைஃபுக்குத் தமிழ் தெரியாவிட்டால் அங்கே பாதி விஷயம் போய்விடும். தமிழ் பேசுபவரை நியமியுங்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல ஆலங்குடாவில் தங்கின. மன்னாருக்கும் இங்குமாகப் போய்வருகிறவர்கள் இன்றும் உண்டு. பிள்ளையோடு புத்தகமும் போக வேண்டும். எந்த ஊர்க் கிளினிக்கிலும் அதைத் தொடரலாம்.

பதினெட்டு மாதமாகியும் பிள்ளை தானாக நடக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டது என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், உடனே டொக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் இன்று இரவே புத்தகத்தை எடுத்து, கடைசியாக நிறை குறித்த திகதியைப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு வயதாகவில்லை, அந்தத் திகதி போன மாதத்துக்கும் முந்தியது என்றால், அடுத்த கிளினிக் எப்போது என்று உங்கள் மிட்வைஃபிடம் கேளுங்கள்.