தகுந்த தொழிலும் தாங்கும் துணையும்

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்பது நம்மவரிடையே நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. அது ஆடவர்க்கு மட்டும் உரியதன்று என்பதைக் காலம் நமக்கு உணர்த்திவிட்டது. தொழிலானது ஊதியத்தை மட்டுமா தருகின்றது? காலையில் எழுந்து செல்வதற்கு ஓர் இடத்தையும், பழகுவதற்கு நாலு பேரையும், நாமும் ஊருக்கு வேண்டியவர் என்னும் நிமிர்வையும் அன்றோ தருகின்றது! ஓட்டிசம் உடையோர் பலர்க்கு இப்பேறு கிட்டாமற் போகின்றது. அத்தகைய பிள்ளையைப் பெற்றவர் நெஞ்சில் இரவும் பகலும் எழும் வினா ஒன்றே: நமக்குப் பின் இப்பிள்ளையின் கதி யாது?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் டொனால்ட் ட்ரிப்லெற் என்பவரின் வரலாற்றை அறிதல் நன்று. இவர் 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தார். குழந்தைப் பருவத்தில் எண்களிலே தோய்ந்திருப்பார். பிறர் அழைத்தால் திரும்பியும் பாரார். பெற்றோர் இவரைப் பால்ற்றிமோர் நகரில் வைத்தியர் லியோ கானரிடம் கொண்டு சென்றனர். 1943ஆம் ஆண்டில் கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஓட்டிசத்தைத் தனியொரு நிலையாக மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டிய அக்கட்டுரையில் முதலாவதாகக் கூறப்பட்டவர் டொனால்டே.

சிறுவனாயிருக்கையில் இவர் சில ஆண்டுகள் ஒரு கமக்காரத் தம்பதியரின் வீட்டில் வளர்ந்தார். எதையும் அளந்து பார்க்கும் பித்து இவருக்கு இருந்தது. கமக்காரர் இவரைக் கொண்டு ஒரு கிணற்றைத் தோண்டுவித்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார். ஓயாது எண்ணிக்கொண்டிருந்த பிள்ளையை, உழும்போதே சோள வரிசைகளை எண்ணச் செய்தார். 1945இல் அங்கே சென்று பார்த்த கானர், அத்தம்பதியரின் மதிநுட்பத்தைக் கண்டு வியந்தார். பிள்ளையின் இயல்பை அடித்துத் திருத்த அவர்கள் முயலவில்லை. அவ்வியல்பையே தொழிலின் கைப்பிடியாக்கினர்.

டொனால்ட் 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். பின்னர் தம் ஊர் வங்கியிலே பல்லாண்டு பணியாற்றினார். தாமே மோட்டார் வண்டி ஓட்டினார். வெளிநாடுகள் பலவற்றுக்குச் சென்று வந்தார். 2023ஆம் ஆண்டில் தமது 89ஆம் வயதிற் காலமானார். பதினொருவருள் இன்னொருவர், அலுவலகம் ஒன்றிலே படியெடுக்கும் இயந்திரத்தை இயக்கி, மேலதிகாரியின் நன்மதிப்பைப் பெற்றார். ஆனால் அரசாங்க விடுதிகளில் அடைக்கப்பட்டவர் நிலையோ வேறு. அது ஆயுட்காலத் தண்டனை போன்றதாயிற்று என்று 1971இல் கானரே வருந்தி எழுதினார். பிள்ளைகள் யாவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பது உண்மையே. எனினும் வாய்த்த சூழலின் பங்கும் சிறிதன்று.

இங்கே ஓர் ஐயம் எழும். டொனால்ட் பணியாற்றிய வங்கி அவர் தாயாரின் குடும்பத்துக்கு உரியது. வங்கி இல்லாத வீட்டுப் பிள்ளை என் செய்வது? அக்குறையை நிரப்ப எழுந்ததே தொழிலாதரவுச் சேவையாகும்.

முன்னாளில், “முதலிற் பயிற்சி, பின்னர் வேலை” என்பதே முறையாயிருந்தது. பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீளும், வேலையோ வாராது. அமெரிக்காவில் 1970களிலும் 1980களிலும் அறிஞர் சிலர் இதனைத் தலைகீழாக்கினர். முதலில் உண்மையான வேலையில் அமர்த்துக. பின்னர் அவ்விடத்திலேயே பழக்குக என்றனர். 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இம்முறைக்கு அரசின் ஆதரவை அளித்தது. பிரித்தானியாவிலும், வேலைத்தலத்தில் வேண்டிய உதவிக்கு அரசு பணம் அளிக்கும் திட்டம் 1994இல் தொடங்கிற்று.

இச்சேவையின் உயிர்நாடி தொழிற்றுணைவர் எனத் தக்க பயிற்றுநரே. அவர் முதலில் விண்ணப்பதாரியின் விருப்பு வெறுப்புகளை அறிகிறார். இரைச்சல் இவரை வருத்துமா? வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யுமா? எவ்வேலையில் நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்திருப்பார்? இவற்றை அறிந்த பின்னரே வேலை தேடுகிறார். வேலை கிடைத்தபின் தாமும் உடன் சென்று, பணியைச் சிறு சிறு படிகளாக்கி, எழுத்திலோ படத்திலோ வரைந்து கொடுக்கிறார். மேலாளரிடம், “கட்டளையை மறைபொருளாய்ச் சொல்லாதீர், நேராகச் சொல்லுங்கள். மாற்றம் வருமாயின் முன்கூட்டியே அறிவியுங்கள்” என்கிறார். பணி கைவந்ததும் மெல்ல மெல்ல விலகுகிறார். இடர் வந்தால் மீண்டும் வருகிறார்.

வேலை கேட்போர்க்குப் பெருந்தடையாய் நிற்பது நேர்முகப் பரீட்சை. அது பேச்சின் சாதுரியத்தை அளக்கின்றதேயன்றி வேலைத் திறமையை அளப்பதில்லை. டென்மார்க்கில், தம் மகன் ஓட்டிசம் உடையவன் என அறிந்த தோர்கில் சொன்ன என்பார் 2004இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வினாக்கணைகளைத் தொடுப்பதற்குப் பதிலாக, லெகோ கட்டைகளால் இயந்திரப் பொம்மைகளை அமைக்கச் செய்து, ஒவ்வொருவரும் எவ்வாறு சிந்திக்கின்றார் என்று கவனித்தனர். அந்நிறுவனத்தின் சின்னம் டான்டிலயன் என்னும் மஞ்சட் பூ. புற்றரையில் அது களை. பயன் அறிந்தவர்க்கோ மூலிகை.

எனினும், ஓட்டிசம் உடையோர் யாவரும் கணினி வல்லுநர் என எண்ணுதல் தவறு. ஒருவர்க்குத் தோட்டம் உகந்தது, மற்றொருவர்க்கு நூலகம், சிலர்க்கோ வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். பட்டதாரியைப் பெட்டி அடுக்க வைத்துவிட்டு வேலை கொடுத்தோம் எனப் பெருமை கொள்வதும் முறையன்று. தகுதி என்பது இருபுறமும் பொருந்துவது.

பெற்றோரே! தேங்காய் துருவவும், கடைக்குச் சென்று மீதிப்பணம் எண்ணி வாங்கவும், தனியே பஸ் ஏறவும் இயன்ற அளவில் இளமையிலேயே பழக்குங்கள். பிள்ளையின் பித்து எனத் தோன்றுவதை ஏளனஞ் செய்யாது உற்று நோக்குங்கள். மாணவர்களே! நாளை நீங்கள் அதிகாரிகளாவீர். உங்கள் முன் ஒருவர் கண்ணை நேரே நோக்காது அமர்ந்திருப்பார். அவரது பேச்சை வைத்து முடிவு செய்யாது, ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கமக்காரர் ஒருவர் சோளக் கொல்லையிலே செய்ததைக் கற்றவர் நாம் செய்யலாகாதா?