கதீட்ரல் ரோட்டுப் பங்களா

கம்பெனி காலத்தில் கோட்டைக்குள்ளும் கறுப்பர் பட்டணத்திலும் ஜன நெருக்கம் மிகுந்தபோது, துரைமார்கள் நல்ல காற்றை நாடித் தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்தார்கள். தேனாம்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தோப்பும் புல்வெளியும் சூழப் பெரிய பெரிய பங்களாக்கள் எழுந்தன. தோட்ட வீடுகள் என்று அவற்றைச் சொல்வது வழக்கம். 1815-ல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் அங்குள்ள சாலை ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்தது. காலம் செல்லச் செல்ல, துரைமார்கள் வாழ்ந்த அந்தப் புறநகரில் நம்மவர்களான வக்கீல்களும் செல்வர்களும் குடியேறினர். கதீட்ரல் ரோட்டில் ‘ஹிந்து’ பத்திராதிபர் ஸ்ரீ கஸ்தூரி ரங்க ஐயங்காருக்குச் சொந்தமாக இருந்த பங்களாவும் அவ்விதப் பங்களாக்களில் ஒன்றுதான். திலகர் பவனம் என்ற பெயரால் அது பிற்காலத்தில் அறியப்பட்டது.

கோயம்புத்தூரில் வக்கீல் தொழில் நடத்திச் சென்னைக்கு வந்த கஸ்தூரி ரங்க ஐயங்கார், 1905-ல் ‘ஹிந்து’வை விலைக்கு வாங்கினார் என்பதை நேயர்கள் அறிவார்கள். அப்பத்திரிகையின் வளர்ச்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர் தமது பங்களாவுக்கு அமர்த்திய குடித்தனக்காரரைப் பற்றியே இங்கே சொல்ல வேண்டும்.

அந்தக் குடித்தனக்காரர் சேலத்து வக்கீல். 1917 முதல் 1919 வரை அவ்வூர் நகரசபையின் தலைவராக இருந்து நற்பெயர் எடுத்தவர். மனைவியை இழந்தவர். அவருடைய திறமை ஒரு ஜில்லாவுக்குள் அடங்கிக் கிடக்கலாகாது என்று கருதிய கஸ்தூரி ரங்க ஐயங்கார் முதலிய நண்பர்கள், சென்னைக்கு வந்து தொழில் நடத்தும்படியும் பொதுக் காரியங்களில் முன்னின்று ஈடுபடும்படியும் அவரை வற்புறுத்தினார்கள். அவரும் இசைந்து, கதீட்ரல் ரோட்டுப் பங்களாவில் ஜாகை அமர்த்திக்கொண்டார். அவர்தாம் ராஜாஜி.

1919-ஆம் வருஷம் மார்ச்சு 18-ஆம் தேதி காந்தியடிகள் சென்னைக்கு வந்து அந்தப் பங்களாவில் இறங்கினார். முந்திய ஆண்டில் கண்ட கடும் நோயின் தளர்ச்சி அவரை இன்னும் விட்டபாடில்லை. நின்றுகொண்டு பேசவும் இயலாத நிலை. விசாரணையின்றி மனிதரைச் சிறையில் அடைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கும் ரௌலட் மசோதாவை எவ்வாறு எதிர்ப்பது என்பதே அவர் கவலை.

இனி ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இரண்டு நாட்கள் வரையில் அடிகளுக்குத் தாம் யாருடைய விருந்தாளி என்பதே தெரியாது. பங்களா கஸ்தூரி ரங்க ஐயங்காருடையதாகையால், அவரே விருந்தளிப்பவர் என்று எண்ணிக்கொண்டிருந்தார். மகாதேவ தேசாய்தான் உண்மையை எடுத்துரைத்தார். கூச்ச சுபாவத்தால் எப்போதும் பின்னால் ஒதுங்கியே நின்ற மனிதரைக் காட்டி, இவரோடு நெருங்கிப் பழகுங்கள் என்றும் யோசனை சொன்னார். இவையெல்லாம் அடிகளே தமது சுயசரிதையில் எழுதியிருப்பவை. வீட்டில் விருந்தினர் தங்கியிருக்க, குடித்தனக்காரர் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் உபசாரத்தை மட்டும் நடத்தினார் என்பது நமக்கு மிகவும் ரஸமான விஷயமாகத் தோன்றுகிறது.

அந்தப் பங்களாவில் தலைவர்களின் சிறு கூட்டம் ஒன்றும் கூடியது. சத்தியாக்கிரக சாஸ்திரத்தை விவரமாக விளக்கும் நூலொன்றை அடிகள் எழுத வேண்டும் என்று சேலம் விஜயராகவாச்சாரியார் அதில் யோசனை கூறினார். அது தம் சக்திக்கு அப்பாற்பட்டது என்று அடிகள் ஒப்புக்கொண்டார். இப்படி ஆலோசனைகள் நடந்துகொண்டிருக்கையில், மசோதா சட்டமாகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்தது. அன்றிரவு அதே சிந்தனையுடன் அடிகள் கண் அயர்ந்தார். விடியற்காலையில், உறக்கமும் விழிப்புமற்ற நிலையில், தேசமுழுவதும் ஒரு நாள் தொழிலை நிறுத்தி உபவாசமும் பிரார்த்தனையும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் உதித்தது. அதை முதன்முதல் ராஜாஜியிடமே சொன்னார். முதலில் மார்ச்சு 30 என்றும், பிறகு ஏப்ரல் 6 என்றும் நாள் குறிக்கப்பட்டது. மாற்றம் எட்டாத டில்லியில் முதல் தேதியிலேயே ஹர்த்தால் நடந்து, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. ஏப்ரல் 6-ல் பாரத தேசம் ஒரே நாளில் கடையடைத்தது. ஒரு வாரம் கழித்து, 13-ஆம் தேதி, அமிருதசரஸில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது.

பாரதியார் அடிகளைச் சந்தித்ததும் இப்பங்களாவில்தான். புதுச்சேரியிலிருந்து 1918 நவம்பரில் வெளிப்பட்டு, கடலூரில் சிறைப்பட்டு மீண்டவர் அவர். வாசலில் காவல் நின்ற வ.ரா. அந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறார். ராஜாஜியும், ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ரங்கசாமி ஐயங்காரும், சத்தியமூர்த்தியும் மரியாதையாகச் சுவரோரம் நின்றுகொண்டிருக்க, பாரதியார் நேரே உள்ளே சென்று அடிகளை வணங்கி, அவரருகே அமர்ந்துவிட்டாராம். அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தாம் பேசும் கூட்டத்துக்குத் தலைமை வகிக்க இயலுமா என்பதே கேள்வி. இன்று இயலாது, நாளை ஆகலாமா என்றார் அடிகள். ஒத்திப்போட முடியாது என்று சொல்லி, அடிகளின் இயக்கத்தை ஆசீர்வதித்துவிட்டு வந்தபடியே வெளியேறினார் கவிஞர். அவர் யார் என்று அடிகள் விசாரித்த பிறகே, தமிழ்நாட்டுக் கவி என்ற பதில் ராஜாஜியிடமிருந்து வந்தது. இவரைப் பத்திரமாகப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் ஒருவரும் இல்லையா என்று அடிகள் வினவியபோது, கூடியிருந்தோர் மௌனமாய் இருந்துவிட்டனர். 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார்.

கஸ்தூரி ரங்க ஐயங்கார் 1923-ல் காலமானார். பின்னால் ஒதுங்கி நின்ற குடித்தனக்காரர் 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அதற்கு முன்பே, 1933-ல், அவர் மகள் லக்ஷ்மிக்கும் அடிகளின் குமாரர் தேவதாஸுக்கும் விவாகம் நடந்து, கதீட்ரல் ரோட்டு விருந்தினரும் விருந்தளித்தவரும் சம்பந்திகளாகியிருந்தார்கள்.

ஆனால் பங்களா இல்லை. அதை இடித்துவிட்டு அவ்விடத்தில் பல மாடி ஹோட்டல் எழுப்பப்பட்டது. பாரதியார் கடைசியாக வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டை அரசினர் வாங்கி நினைவில்லமாக்கியது மிகவும் போற்றத்தக்க காரியம். அந்த யோசனை கதீட்ரல் ரோட்டை எட்டவில்லையே என்பதுதான் நமது குறை. கல்லில் எழுதி நாட்டுவது சுலபம். அடிகள் கண் விழித்த அறை எது, அவர்கள் சாய்ந்து நின்ற சுவர் எது என்று கேட்கும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்ட இப்போது வழியில்லை. அறைகள் அங்கே இன்றும் உண்டு. ஆனால் நாள் வாடகை கொடுத்தவர்களுக்கே அவை திறக்கும்.