விரல் சூப்பும் குழந்தை

கொல்லையில் மண்ணை அளைந்த கையோடு வருகிறது குழந்தை. வந்ததும் வராததுமாய்க் கட்டை விரலை வாயில் போட்டுக்கொள்கிறது. "சீ! எடு கையை!" என்று ஓடிப்போய்ப் பிடுங்குகிறீர்கள். மறு நிமிஷம் விரல் மறுபடியும் வாய்க்குள்! வேப்பெண்ணெய் தடவியாயிற்று; துணி சுற்றியும் பார்த்தாயிற்று. பலன் பூஜ்யம்.

இப்படித் தவிக்கும் தாய்மார்களுக்கு நியூஸிலாந்திலிருந்து ஒரு விசித்திரமான செய்தி உண்டு.

அந்தத் தேசத்தின் தெற்குத் தீவில் உள்ள டனீடன் நகரில், 1972, 1973-ம் ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 5, 7, 9, 11 வயதுகளில், "உங்கள் குழந்தை விரல் சூப்புகிறதா? நகம் கடிக்கிறதா?" என்று பெற்றோரைக் கேட்டுக் குறித்துக் கொண்டார்கள். 13-வது வயதில் தோலில் லேசாகக் குத்தி, வீட்டுத் தூசியில் வாழும் பூச்சி, புல், பூனை, நாய் முதலியவை அந்தத் தேகத்துக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்று சோதித்தார்கள்.

இரண்டு பழக்கமும் இல்லாத சமர்த்துக் குழந்தைகளில் 100-க்கு 49 பேருக்கு ஏதாவது ஒன்றாவது ஒத்துக்கொள்ளாமல் தோல் தடித்தது. ஒரு பழக்கம் மட்டும் உள்ளவர்களில் 40 பேருக்கு. விரலும் சூப்பி, நகமும் கடித்த போக்கிரிகளிலோ 31 பேருக்குத்தான்! 32-வது வயதில் சோதித்தபோதும் இந்த வித்தியாசம் இருந்தது. முடிவு 2016-ல் வெளியாயிற்று.

இதென்ன வேடிக்கை என்கிறீர்களா? நம் தேகத்துக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். வருகிறவன் திருடனா, பால்காரனா என்று பார்ப்பது அவன் வேலை. சிறு வயதில் நாலு பேரைப் பார்த்துப் பழகாத காவல்காரன், பால்காரனைக் கண்டதும் தடியை ஓங்கிவிடுகிறான். சாதுவான தூசியைக் கண்டு தேகம் தும்மித் தடித்துப் போவதும் அப்படித்தான். இதையே அலர்ஜி என்கிறோம். விரலோடு உள்ளே போகும் கிருமிகள் காவல்காரனைப் பழக்கிவிடுகின்றன என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1989-லேயே டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் இதற்கு வித்திட்டார். 1958 மார்ச்சில் பிரிட்டனில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தார். அண்ணன், அக்கா நிறைய உள்ள குழந்தைகளுக்கு, மகரந்தத்தால் வரும் தும்மலும் கண்ணரிப்பும் குறைவாயிருந்தன. பெரியவை கொண்டுவரும் கிருமிகள் சின்னதற்கு உதவியிருக்கலாம் என்றார்.

"அப்பாடா, சோப்புச் செலவு மிச்சம்!" என்று எழுந்துவிடாதீர்கள். டனீடன் கதையில் பாதிதான் சொன்னேன். அதே குழந்தைகளில் ஆஸ்துமாவோ, மகரந்தத் தும்மலோ விரல் சூப்பியவர்களுக்குக் குறைந்திருக்கவில்லை. ஊசி குத்திய இடம் தடிக்காதது வேறு. நோயே வராதது வேறு. ஆகவே இந்தப் பழக்கத்தை ஊக்குவிக்கும்படி அந்த ஆராய்ச்சியாளர்களும் சொல்லவில்லை.

அது மட்டுமா? வயிற்றுப்போக்கும், டைபாய்டும், வயிற்றுப் பூச்சியும் நுழைவது இதே அழுக்குக் கை வழியாகத்தான். அவை காவல்காரனுக்குப் பாடம் சொல்ல வரும் வாத்தியார்கள் அல்ல; வீட்டைக் கொள்ளையிட வரும் திருடர்கள். சாக்கடை அழுக்கு வேறு, விளையாட்டுப் புழுதி வேறு.

ஆகவே சாப்பிடுமுன்பும், கக்கூஸ் போய் வந்த பின்பும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் தாட்சண்யமே வேண்டாம். ஆனால் அதைக் கண்ணாடிப் பொம்மை போல் வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு ஓடட்டும், செடிக்குத் தண்ணீர் விடட்டும், கன்றுக்குட்டியைத் தடவட்டும். விளையாடி முடிந்ததும் கையை அலம்பிவிட்டால் போயிற்று. மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

விரல் சூப்புவதைப் பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் தாமே விட்டுவிடும். நிலைப்பற்கள் முளைக்கும்போதும் தொடர்ந்தால் பல் வரிசை கெடக்கூடும். பல் டாக்டரின் யோசனையைக் கேளுங்கள். அதுவரை அடியும் திட்டும் எதற்கு? அந்தக் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துப் பாருங்கள். விரல் தானே வெளியே வரும்!