வராதவருக்கு ஒரு கடிதம்

“அவனுக்குப் படிப்பு ஏறல.” “மாத்திரையை ஒழுங்காப் போட்டாத்தானே குணமாகும்?” பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு ஒன்று, மனநலச் சிகிச்சையைப் பாதியில் விட்டவருக்கு இன்னொன்று என்று நம்மிடம் தீர்ப்பு தயாராக இருக்கிறது. இரண்டிலும் குற்றவாளி வராமல் போனவர்தான். அரை நூற்றாண்டாக உளவியல் ஆய்வாளர்கள் சேர்த்திருக்கும் சான்றுகள் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

ஜோஷுவா ஸ்விஃப்ட், ராஜர் கிரீன்பெர்க் இருவரும் 2012இல் 669 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உளவியல் சிகிச்சைக்கு வந்த ஏறத்தாழ 84,000 பேரில் ஐந்தில் ஒருவர் முடியும் முன்பே நின்றிருந்தார். இளைய வயதினர் அதிகம் நின்றார்கள். பயிற்சியில் இருந்தவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களும் அதிகம் நின்றார்கள்.

நின்றவர்கள் எல்லோரும் மனம் வெறுத்துப் போனவர்கள் என்றும் சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் மோஷே டால்மன் என்ற உளவியலாளர், ஒரே முறை வந்துவிட்டுத் திரும்பாத தம் நோயாளிகள் 200 பேரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு சந்திப்பிலேயே தமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றார்கள். அவர் அழைத்துக் கேட்டதால்தான் இது தெரிந்தது.

கேட்காமல் தெரிந்துகொள்வது கடினம். அமெரிக்காவில் மைக்கேல் லாம்பர்ட் குழுவினர் 48 சிகிச்சையாளர்களிடம், அவர்கள் பார்த்துவந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமாகப் போகிறது என்று கேட்டார்கள். மூன்று பேரைச் சொன்னார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். சொன்ன மூவரில் கணிப்பு சரியாக இருந்தது ஒருவர் விஷயத்தில்தான். 2005இல் வெளிவந்த இந்த முடிவைச் சிகிச்சையாளர்களின் அலட்சியம் என்று நான் படிக்கவில்லை. டாக்டர் மனம் நோகக்கூடாதென்று “பரவால்ல சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறவர்கள் நம்மூரிலும் உண்டு.

சான் பிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, படியிறங்கிப் போனவரைத் தேடிச் செல்ல ஒரு வழி கண்டார். இரண்டாம் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது ஒரு பெண் விடாமல் எழுதிய கடிதங்கள் தமக்குத் தந்த ஆறுதலை அவர் மறக்கவில்லை. மன அழுத்தத்தாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வீடு திரும்பிய 3,005 பேரை 1969 முதல் அவர் குழு பின்தொடர்ந்தது. அவர்களில் 843 பேர் மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்றவர்கள், அல்லது இடையில் நின்றவர்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கடிதம் போகும், மற்றதற்குப் போகாது.

கடிதம் சில வரிகள்தான். நீங்கள் இங்கிருந்து போய்ச் சில காலமாகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எங்களுக்கு மகிழ்ச்சி என்பதே அதன் சாரம். மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வி இல்லை. அடுத்து எப்போது வருவீர்கள் என்பதும் இல்லை. சுற்றறிக்கையாகத் தோன்றாதபடி தனித்தனியே தட்டச்சு செய்தார்கள், வாசகத்தையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். பதில் எழுதியவருக்கு அடுத்த கடிதத்தில் மறுமொழி இருக்கும். மருத்துவமனையில் அவரிடம் நேரில் பேசியவரே கையெழுத்திட்டார். முதல் நான்கு மாதங்கள் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதங்கள் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு நான்காண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆக, ஐந்தாண்டில் 24 கடிதங்கள்.

முடிவுகள் 2001இல் வெளியாயின. ஐந்தாண்டுகளிலும் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை.

பிற்பாடு வெவ்வேறு நாடுகளில் இதே பாணியில் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நமக்கு மிக நெருக்கமான ஒன்று உண்டு. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு அது. சென்னையில் பொறுப்பேற்றவர் தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு தொலைபேசியிலோ நேரிலோ ஒன்பது விசாரிப்புகள். 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், 4, 6, 12, 18ஆம் மாதங்கள் என்று அதற்கொரு அட்டவணை. பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்ட பிரிவில் இரண்டு பேர். இந்த எண்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. வித்தியாசம் பதினாறு உயிர்கள்.

கல்லூரியிலும் இதே கதைதான். மாணவர் விலகுவதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமல்ல, படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் அவருக்கு ஒட்டுதல் உண்டாகிறதா என்பதே முக்கியம் என்று வின்சென்ட் டின்டோ 1975இலேயே எழுதினார். முதல் பருவத்தில் மதிப்பெண் குறைகிறது, விடுதியில் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு மோசமான நாள். தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வந்த பிள்ளைக்கோ, இது தனக்கான இடமில்லை என்பதற்குச் சாட்சி.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் கைவைத்தது இந்த இடத்தில். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் இந்தத் தவிப்பு இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்பதே அவற்றின் சேதி. படித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி, அடுத்து வரப்போகும் மாணவர்களுக்காகக் கேமரா முன் பேசினார்கள். மொத்தம் ஒரு மணி நேரம். அடுத்த மூன்றாண்டுகளில் அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன படித்தோம் என்பது பலருக்குப் பின்னாளில் நினைவில்கூட இல்லை.

இதைக் கேட்டதும் எல்லாக் கல்லூரியிலும் ஒரு மணி நேர வகுப்பு வைத்துவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், தனக்கு இங்கே இடமுண்டா என்று தவிக்கும் மாணவர்களுக்கு உண்மையிலேயே இடம் கொடுத்த நிறுவனங்களில்தான் பலன் கிடைத்தது. ஒதுக்கி வைக்கிற கல்லூரியில் ஆறுதல் வார்த்தை எடுபடவில்லை.

வீட்டார் உடன் நிற்பதும் கணக்கில் வருகிறது. முதன்முறை மனநோய்த் தாக்கத்துக்கு உள்ளான இளைஞர்களைச் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தாரும் இரண்டாண்டு கவனித்தார்கள். இடையில் நின்றவர்கள் சென்னையில் குறைவு. குடும்பத்தார் சிகிச்சைக் குழுவோடு அதிகத் தொடர்பில் இருந்ததும் இங்கேதான்.

அரசும் இப்படித் தேடிச் சென்றதுண்டு. 2021இல் நீட் எழுதிய பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் ‘104’ உதவி எண் மைய ஆலோசகர்கள் தாங்களே அழைத்துப் பேசினார்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மனம் உடைந்த பிள்ளை தானாக எண்ணை அழுத்துமென்று காத்திருக்க முடியாது, அழைப்பு இந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டும். அது ஒன்றோடு நிற்கவும் கூடாது. பொதுத் தேர்வில் தவறிய பிள்ளையைத் தேர்வு முடிவு வந்த வாரம் ஒன்று, துணைத் தேர்வுக்கு முன் ஒன்று, நண்பர்கள் கல்லூரிக்குப் போய்விட்ட பின் ஒன்று, தீபாவளி கழித்து ஒன்று என்று அழைக்க, முடிந்தவரை அதே ஆலோசகரே அழைக்க, அரசு ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும்.