மாரியோ ஏன் பள்ளத்தில் விழுகிறார்?

அப்பா சிறுவயதில் எளிதாகத் தாண்டிய பள்ளத்தில் உங்கள் மாரியோ மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறாரா? 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டையோ உங்கள் விரல்களையோ உடனே குறை சொல்லாதீர்கள். தொலைக்காட்சியையும் சற்றுக் கவனியுங்கள்.

அக்காலப் படக்குழாய்த் தொலைக்காட்சி, விளையாட்டுக் கருவி அனுப்பும் சமிக்ஞையை வந்த கணமே வரிவரியாகத் திரையில் வரைந்துவிடும். இன்றைய தட்டைத் திரையோ படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிய பிறகே காட்டும். மாரியோ வினாடிக்கு ஏறக்குறைய 60 படங்களாக ஓடுகிறார். ஒரு படத்துக்கு 17 மில்லிவினாடி. திரை 100 மில்லிவினாடி தாமதித்தால் ஆறு படங்கள் பின்தங்கிவிடும். மாரியோ பள்ளத்தின் விளிம்பை எட்டுவது உங்கள் கண்ணில் படும்போது, விளையாட்டுக் கருவிக்குள் அவர் அதைக் கடந்திருப்பார்!

தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ இருந்தால் முடுக்கிப் பாருங்கள். மெருகேற்றும் வேலை குறைந்து தாமதமும் குறையும். ‘டக் ஹண்ட்’ வாத்துகளைச் சுடும் பழைய துப்பாக்கிக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. அது படக்குழாயின் ஒளியையே நம்பி இயங்குவது.