செவிக்கருவியும் ஒலிச்சொற்களும்

முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எடுப்பித்த பெருங்கோயிலைக் காண யாம் அறுவர் அண்மையிற் சென்றிருந்தோம். அவ்வூரில் 2025 ஜூலை 27இல் இளையராஜா நிகழ்த்திய இசையின் பதிவைப் புல்வெளியில் அமர்ந்து இயர்போன் வழிக் கேட்டோம். எம்முள் ஒருவன் தன் கருவியை விடுதி உணவுப் பணத்தில் மிச்சம்பிடித்து வாங்கியவன். விளம்பரத்தில் 'பேஸ் மிகுதி' என்றிருந்தது. பாட்டின் சொற்களோ அவனுக்கு விளங்கவில்லை. மற்றொருவன் கருவியில் விளங்கின. அன்றெழுந்த வாதமே இக்கட்டுரைக்கு வித்து.

பேஸ், மிட், ட்ரெபிள் என்னும் மூன்றும் நம் இசைநூலார் கூறும் மெலிவு, சமன், வலிவு என்பனவே எனக் கொள்ள முதலில் விழைந்தோம். தமிழ் பயில்வார்க்கு அவ்வாசை இயல்பே, ஆயினும் பொருந்தாது. மெலிவு முதலியன குரல் நிற்கும் மூன்று நிலைகள். செவி உணரும் ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 வரை, பத்து ஸ்தாயி அளவு விரிந்தது. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் 'தொம்' பேஸ் மிக்கது. வாய்ப்பாட்டின் உயிரோசை பெரும்பாலும் மிட்டில் நிற்பது. ட்ரெபிள் என்பது உச்சக்குரல் அன்று. கைத்தாளத்தின் மினுக்கும் 'ஸ்' ஒலியின் கூர்மையுமே ஆம். அது மிகின் பாம்பு சீறினாற்போல் உறுத்தும். அதனைச் சிபிலன்ஸ் என்பர். சீறல் என்றாலே போதும்.

இனி நண்பன் குறைக்கு வருவோம். தாழ்ந்த ஒலி மிகின் தனக்கு மேலுள்ள ஒலியை மறைக்கும். ஆங்கிலத்தார் இதனைச் சேறு என்றே இகழ்வர்; யாம் கலங்கல் என்போம். பேஸ் குறையின் ஒலி மெலியும். அதற்குக் கருவியை மட்டும் பழித்தலாகாது; முனையிலுள்ள ரப்பர் காதிற் பொருந்தாவிடினும் பேஸ் ஒழுகிவிடும்.

சவுண்ட்ஸ்டேஜ் என்பதை விளக்கச் சொல் போதாமையின் எழுந்து கோயிலினுள் சென்றோம். புல்வெளியிற் சொன்ன சொல் அக்கணமே அடங்கியிருந்தது; தூண்கள் நிறைந்த மகாமண்டபத்தில் மெல்லச் சொன்ன அதே சொல் சுவர் பட்டு மீண்டு நீண்டது. அம்மீட்சியாலும், இரு செவிக்கும் ஒலி வந்தெய்தும் கால வேறுபாட்டாலும் இடத்தின் அகலத்தை உணர்கின்றோம். இயர்போன் ஒலியை நேரே காதினுள் ஊற்றுதலின், பாடுவோர் நம் தலைக்குள் நின்று பாடுவார் போலும். ஒலி அதனைக் கடந்து புறத்தே விரிந்து தோன்றின், சவுண்ட்ஸ்டேஜ் அகன்றது என்பர்.

வெதுவெதுப்பு, செழுமை என்பன போலும் பிற புகழ்மொழிகள் அவரவர் சுவையைச் சார்ந்தன. அவற்றின்பொருட்டு ஒரு காசும் மிகுதியாகக் கொடுக்க யாம் உடன்படோம்.

வெளியே வந்ததும் நண்பன் தன் கைப்பேசியில் ஈக்குவலைசரைத் திறந்து பேஸைச் சிறிது தாழ்த்தினான். சொற்கள் புலப்பட்டன. ஊர் திரும்பும் வரை அவன் அக்கருவியை எம்மிடம் தரவேயில்லை.