தாயில்லா முயல்குட்டிகள்: பாலுக்கு முன்னால் மூன்று கேள்விகள்

முயல் வளர்க்கும் நண்பர்கள் அடிக்கடி போன் செய்து கேட்பது இதுதான். "சார், தாய் முயல் செத்துப்போச்சு. கண்ணு தொறக்காத குட்டி ஆறு கிடக்கு. என்ன பால் குடுக்கலாம்?"

என்ன பால் என்பது நாலாவது கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றை நான் ஏழு குட்டிகளைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் சிறுமலை அடிவாரத்தில் நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்தேன். எருவுக்காகத்தான் முயல் வாங்கினேன். புழுக்கையை மண்புழுத் தொட்டியில் போட்டால் நல்ல உரம் கிடைக்கிறது. முதல் வருஷம் கத்திரி வெயிலில், குட்டி போட்ட மூன்றாம் நாள், ஒரு தாய் முயல் மூச்சு வாங்கி வாங்கிச் செத்துப்போனது. ஏழு குட்டிகள். நானும் வீட்டம்மாவும் முறை வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் சர்க்கரை போட்ட பசும்பாலைப் புகட்டினோம். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. நாலே நாளில் ஏழும் போய்விட்டன.

கால்நடை மருத்துவர் ஒரு குட்டியை அறுத்துக் காட்டினார். நுரையீரலில் பால் இருந்தது. இன்னொன்றின் வயிறு உப்பி, பால் செரிக்காமல் கட்டியாக நின்றிருந்தது. "பசியில சாகல சார். நீங்க குடுத்த பாலாலதான் செத்திருக்கு" என்றார். அன்றைக்குக் கேட்க வலித்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் பிறகு பல குட்டிகளைக் காப்பாற்றியது.

முதல் கேள்வி: தாய் உண்மையிலேயே பால் கொடுக்கவில்லையா?

தாய் செத்துவிட்டால் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் "தாய் குட்டிகிட்டயே போக மாட்டேங்குது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். தாய் முயல் ஆடு மாடு மாதிரி கூடவே நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு தரம், சில சமயம் இரண்டு தரம், அதுவும் பெரும்பாலும் விடியலிலோ இருட்டிய பிறகோ பெட்டிக்குள் போகும். மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். நாம் பகலெல்லாம் உட்கார்ந்து பார்த்தாலும் கண்ணில் படாது.

அதனால் தாயைப் பார்க்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் வழுவழுப்பாக இருக்கும். உள்ளே பால் வெள்ளையாகத் தெரியும். பட்டினி கிடந்த குட்டிக்கு வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருக்கும். தொட்டவுடன் துள்ளித் துள்ளிக் காம்பு தேடும்.

தாய் உயிரோடு இருந்தும் பால் கொடுக்கவில்லை என்றால், காலையில் அதைப் பிடித்துப் பெட்டிக்குள் குட்டிகளின் மேல் நிறுத்தி, அசையாமல் ஐந்து நிமிஷம் தடவிக் கொடுங்கள். குட்டிகள் தானாகக் காம்பைப் பிடித்துக்கொள்ளும். மூன்று நாலு நாள் இப்படிச் செய்தால் பல தாய்கள் பழகிவிடும். முதல் ஈற்று முயல்களிடம்தான் இந்தப் பிரச்சினை அதிகம்.

இரண்டாவது கேள்வி: குட்டி சூடாக இருக்கிறதா?

முயல்குட்டி ரோமம் இல்லாமல், கண் மூடித்தான் பிறக்கிறது. கண் திறக்க 10 முதல் 12 நாள் ஆகும். அதுவரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்குக் குறைவு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தாய் தன் வயிற்றில் இருந்து பிடுங்கிப் போட்ட ரோமத்துக்குள் கிடந்துதான் பிழைக்கிறது.

குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்காதீர்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் குடல் வேலை செய்யாது. முதலில் உள்ளங்கையில் வைத்தோ, துணி சுற்றிய சுடுதண்ணீர் பாட்டிலின் பக்கத்தில் வைத்தோ சூடேற்றுங்கள். சூடாகி, நெளிந்து, வாயைத் திறந்து தேட ஆரம்பித்த பிறகுதான் பால்.

பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அடியில் காய்ந்த புல், மேலே முயல் ரோமம். தாய் நோயில் சாகவில்லை என்றால் அதன் வயிற்று ரோமத்தையே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சும் நூல் பிரியும் துணியும் வேண்டாம், காலில் சுற்றி இறுக்கிவிடும். குட்டிகள் தள்ளித் தள்ளிப் படுத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், மேல் மூட்டத்தைக் குறையுங்கள். குவியலாக ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர் என்று அர்த்தம்.

இன்னொன்று, எறும்பு. பால் வாசனைக்குக் கட்டாயம் வரும். ஒரே ராத்திரியில் குட்டிகளைத் தின்றுவிடும். பெட்டியை மேஜை மேல் வைத்து, மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எலி, பூனை, பாம்பு நுழையாமல் மேலே கம்பி வலை வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வேறு தாய் இருக்கிறதா?

நாம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பால் கலந்தாலும் இன்னொரு தாய் முயலுக்கு ஈடாகாது. உங்கள் பண்ணையிலோ பக்கத்துப் பண்ணையிலோ இரண்டு மூன்று நாள் முன்பின்னாகக் குட்டி போட்ட முயல் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பொதுவாகத் தாய்க்கு எட்டுக் காம்பு. அதனிடம் ஏற்கெனவே ஐந்து குட்டி இருந்தால் மூன்றைச் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வளர்ப்புத் தாயைக் கூண்டில் இருந்து கொஞ்ச நேரம் வெளியே எடுத்துவிடுங்கள். அதன் பெட்டியில் உள்ள ரோமத்தைக் கையில் தேய்த்துக்கொண்டு, புதுக் குட்டிகளை அதன் குட்டிகளுக்கு நடுவில் விட்டு மூடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வாசனை கலந்துவிடும். பிறகு தாயை விடுங்கள். நான் இதுவரை சேர்த்ததில் எந்தத் தாயும் தள்ளிவிடவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. குட்டிகளின் சொந்தத் தாய்க்கு மடிநோய் இருந்தால், அதாவது மடி சூடாக, கல்லாக, நீலம் பாரித்து இருந்தால், அந்தக் குட்டிகளை வேறு தாயிடம் விடக் கூடாது. நோய் அதற்கும் தொற்றும். அவற்றைக் கையால்தான் வளர்க்க வேண்டும்.

நாலாவது கேள்வி: பால்

வேறு வழியே இல்லை என்றால்தான் கைப்பால். முயல் பால் கெட்டியானது. பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், கொழுப்பு 4 சதவீதம் என்றால், முயல் பாலில் இரண்டுமே 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பால் சர்க்கரையோ முயல் பாலில் மிகக் குறைவு. நான் சர்க்கரை போட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது புரிகிறதல்லவா? கருப்பட்டி, தேன் எதுவும் வேண்டாம்.

நகரத்துக் கடைகளில் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு கிடைக்கிறது. அது கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் நான் செய்வது: காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால் 100 மில்லியில் இனிப்பில்லாத பாலேடு ஒரு டீஸ்பூன், நன்றாகக் கலந்து வெதுவெதுப்பாக. மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. மீதியைக் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். ஒரு வேளைக்கு ஒரு குட்டிக்குச் சுமாராக:

முதல் வாரம் – 2 முதல் 2.5 மில்லி
இரண்டாம் வாரம் – 5 முதல் 7 மில்லி
மூன்றாம் வாரம் – 7 முதல் 13 மில்லி
அதன் பிறகு ஆறாம் வாரம் வரை – 13 முதல் 15 மில்லி

இது உச்ச அளவு. குட்டி வாயை மூடிக்கொண்டால் அதோடு நிறுத்துங்கள். "இன்னும் ஒரு சொட்டு" என்ற பாசம்தான் வயிற்றை உப்ப வைக்கிறது.

ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு அல்லது இங்க் ஃபில்லர் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியை மல்லாக்கப் போடாதீர்கள். குப்புற, தாயின் கீழ் இருப்பது போல, தலை மட்டும் கொஞ்சம் தூக்கினாற்போல் பிடியுங்கள். வாயின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது நக்கி விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்துத் துடைத்துவிட வேண்டும். ஐந்து குட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பால் கொடுத்த கையோடு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். அப்போதுதான் சிறுநீர் கழிக்கும். கண் திறக்கும் வரை இதை விடக் கூடாது.

குடலுக்கும் விதை வேண்டும்

நிலத்துக்கு நுண்ணுயிர் எவ்வளவு முக்கியமோ, முயலின் குடலுக்கும் அவ்வளவு முக்கியம். தாய் பெட்டிக்குள் நாலைந்து புழுக்கை போட்டுவிட்டுப் போகும். குட்டிகள் அதைக் கொறித்துத்தான் செரிமான நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. கைப்பால் குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் கண் திறந்ததும், ஆரோக்கியமான பெரிய முயல் ராத்திரியில் போடும் மென்மையான, கொத்தாக இருக்கும் புழுக்கையில் கொஞ்சம் எடுத்துப் பாலில் கரைத்து, மூன்று நாலு நாள் கொடுக்கிறேன். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் மூன்றாம் வாரக் கழிச்சல் சாவு என் பண்ணையில் குறைந்தது.

15 நாளுக்கு மேல் காய்ந்த புல்லைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு வாடவைத்த முயல்மசால், வேலிமசால் கொஞ்சம் கொஞ்சமாக. ஈரப் பசுந்தழையை எடுத்தவுடன் போடாதீர்கள். ஆறு வாரத்தில் பாலை நிறுத்திவிடலாம்.

தினமும் காலையில் ஒவ்வொரு குட்டியையும் கிராம் காட்டும் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வங்கிக்காரன் புத்தி என்று வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் எடை ஏறாமல் நின்றால், குட்டி சோர்ந்து விழுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே நோட்டு சொல்லிவிடும்.

காட்டு முயலைத் தொடாதீர்கள்

களையெடுக்கும்போது கொல்லையில் காட்டு முயல்குட்டி கிடப்பதைப் பார்த்துத் தூக்கி வருகிறார்கள். அது பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் அதைத் தனியே விட்டுவிட்டு, இருட்டியதும் வந்து பால் கொடுக்கும். அது அநாதை இல்லை. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் குற்றம்.

என் கணக்கு

இரண்டு வருஷம் கழித்து, மடிநோய் வந்த ஒரு தாயின் ஐந்து குட்டிகளைக் கையால் வளர்த்தேன். மூன்று பிழைத்தன. ஐந்துக்கு மூன்று என்பது எனக்குப் பெரிய லாபம். ஆனால் ஆறு வாரம் வெளியூர் போகாமல், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த உழைப்பைக் கணக்கில் எழுதினால் கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன்.

ஒன்று, இணை சேர்க்கும்போது ஒரு பெட்டைக்குத் தனியாகச் சேர்ப்பதில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று பெட்டைக்குச் சேர்க்கிறேன். சினைக்காலம் 30 முதல் 32 நாள். ஒரே சமயத்தில் குட்டி போடும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் இன்னொன்று இருக்கிறது.

இரண்டு, அந்த ஏழு குட்டிகளின் தாய் செத்தது என் தகரக் கொட்டகையால்தான். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் முயல் தாங்காது. இப்போது தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறேன். மேற்குப் பக்கம் அகத்தி வளர்ந்து நிழல் தருகிறது. கோடையில் மத்தியானம் ஈரச்சாக்கு தொங்கவிடுகிறேன். அதற்குப் பிறகு வெயிலுக்கு ஒரு தாய்கூடச் சாகவில்லை.

முயல் வாங்கப் போகிறவர்கள் கூண்டுக்கு முன்னால் கூரையைப் போடுங்கள். குட்டிகளைக் கையால் வளர்த்த அனுபவம் உள்ளவர்கள், பிழைத்ததை மட்டுமல்ல, செத்ததையும் இதழுக்கு எழுதுங்கள். அடுத்தவர் வீட்டுக் குட்டியாவது பிழைக்கும்.